கேபேஜ் ஹில்லில் டயர் தட்டுகிறவன்

நேரம், மாலை நாலு இருபது. முகத்தைச் சுளிக்காதே லேலண்ட். பேய்க்கு நடுராத்திரிதான் ஆக வேண்டும் என்று எவன் சட்டம் போட்டான்? நவம்பர் மாதம். ஓரிகன் மலைப்பாதை. முன்கண்ணாடிக்கு அப்பால் வெறும் வெள்ளை மூட்டம். முன்னால் வண்டி இல்லை... பின்னாலும் இல்லை.

என்னோடு மாறி மாறி லாரி ஓட்டுகிறானே டுவெய்ன், அவன் மைத்துனி மார்லிஸுக்கு நடந்தது இது. பனி விலகிச் சாலை திறக்கும்வரை நாம் ஒன்பது பேரும் இந்த லாரி நிறுத்தத்தில்தான் கிடக்க வேண்டும். கரண்டும் போய்விட்டது. அந்த டார்ச்சை மேஜையில் வைத்துவிட்டு நெருங்கி உட்காருங்கள். இன்று காலை சீட்டை விட்டு இறங்காமலே பதினெட்டு டயருக்கும் சோதனைத் தாளில் டிக் போட்டேன் என்று லேலண்ட் பெருமையடித்தானே... அவனுக்காகத்தான் சொல்கிறேன்.

மார்லிஸ் இருபத்தாறு வருஷம் ஓட்டியவள். அன்று யார்டில் சரக்கு ஏற்றித் தயாராய் நின்ற ஒரு டிரைலரைக் கொடுத்தார்கள். மாட்டினாள். மாட்டியதும் நாம் என்ன செய்வோம்? டிரைலர் பிரேக்கைப் பிடித்துவைத்து, முன்வண்டியால் ஒரு இழுப்பு இழுத்துப் பார்ப்போம். நகராமல் நின்றால் நல்லது. கூடவே உருண்டு வந்தால் பிரேக் இல்லை என்று அர்த்தம். அரை நிமிஷ வேலை. அதை அவள் செய்யவில்லை. "எல்லாம் சரி" என்று கையெழுத்துப் போட்டுக் கிளம்பிவிட்டாள். ஏனென்று கேட்டதற்கு, "சோம்பேறித்தனம்தான், வேற என்ன?" என்றாளாம்.

வழியில் பின்னாலிருந்து ஏதோ தள்ளுவது போல இரண்டு தடவை தோன்றியிருக்கிறது. பாரம் அதிகம் போல என்று விட்டுவிட்டாள்.

கேபேஜ் ஹில் உச்சி. அங்கிருந்து ஆறு மைல் இறக்கம், நடுவே இரண்டு கொண்டை ஊசி வளைவு. இறங்குவதற்கு முன் பிரேக் பார்க்க ஓர் ஒதுக்கிடம் உண்டே, அங்கே நிறுத்தினாள். உடனே போன். ஆபீஸில் உட்கார்ந்து வண்டிகளை விரட்டுகிற டரெல்.

அவன் பேசிக்கொண்டிருக்கும்போதே வெளியே கேட்டது.

டங்... டங்... டங்...

கட்டையால் டயரைத் தட்டுகிற சத்தம். நமக்குத் தெரியாததா? காற்றிருந்தால் டங், இல்லாவிட்டால் தொப். யாரோ நல்ல மனுஷன், நமக்கும் சேர்த்துத் தட்டுகிறான் என்று நினைத்தாள். சத்தம் மெல்லப் பின்னால் போனது. டங்... டங்... கடைசி அச்சில் நின்றது.

கிளிங்.

இரும்பு. மறுபடியும், கிளிங். கூடவே ஒரு வாசனை... பிரேக் கருகி மூக்கை எரிக்குமே, அது.

இறங்கினாள். ஒருவரும் இல்லை. தரையில் உறைபனிமேல் அவள் காலடி மட்டும்தான். சக்கரத்தைத் தொட்டால் பனிக்கட்டி போலச் சில்லென்றிருக்கிறது. ஆனால் ஒவ்வொரு டயரிலும், கட்டை நுனி பட்ட இடத்தில் மட்டும் உறைபனி உதிர்ந்திருந்தது. அவளுடைய கட்டை வண்டிக்குள், படுக்கைக்குக் கீழே கிடக்கிறது.

டார்ச்சோடு கடைசி அச்சுக்கு அடியில் ஊர்ந்தாள். பிரேக்கில் ஒரு நீள போல்ட் நீட்டிக்கொண்டிருந்தது. நடுவழியில் பிரேக்கில் காற்று ஒழுகினால், சக்கரத்தை இறுக்கிப் பிடிக்கிற ஸ்பிரிங்கை அது பிடிக்காதபடி போல்ட் போட்டுக் கட்டி, காற்றுக் குழாயையும் அடைத்து, மெதுவாகப் பட்டறைக்கு இழுத்துப் போவார்கள். அங்கே கழற்றியாக வேண்டும். இதில் கழற்றவே இல்லை. ஒன்றில் மட்டுமில்லை, நாலு பிரேக்கிலும் போல்ட்! துருவேறிய போல்ட்! முப்பத்தாறு டன் கனம், டிரைலருக்கு ஒரு பிரேக்கும் கிடையாது!

எழுந்து டிரைலர் எண்ணைப் பார்த்தாள். 6113. போன குளிர்காலம் அவள் கம்பெனியிலேயே ஓட்டிய ஹாஸ்கெல் இழுத்து வந்த அதே டிரைலர். பிரேக் சரியில்லை என்று மூன்று தடவை எழுதிக் கொடுத்தவன். இரண்டாவது வளைவில் முன்வண்டியோடு பள்ளத்தில் விழுந்து செத்தான். டிரைலர் கழன்று, சாலையோரத் தடுப்பில் சிக்கி மேலேயே நின்றுவிட்டது. பாவிகள், அதைக் கழுவி மறுபடியும் ரோட்டுக்கு விட்டிருக்கிறார்கள்.

மறுபடியும் போனை எடுத்தாள். "டரெல், இது கீழ இறங்காது."

"ஆறு மைல்தானே மார்லிஸ்? உருட்டிக்கிட்டே வந்துடு. இந்த வருஷம் ரெண்டு தடவை மாட்டேன்னுட்ட. மூணாவது தடவைன்னா வேலை போயிடும்."

"வேலைதானே போகும்? நீ வந்து ஓட்டேன், பாப்போம்!"

"நீ இல்லாட்டி வேற ஆள். வாயைத் திறக்காம ஓட்டறவனை அனுப்பறேன்."

அங்கேதான் அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அவள் இறங்கிப் போனாலும் வேறொருவன் சாவான். போனை வைத்தாள். அடுத்து யாரைக் கூப்பிட்டாள் தெரியுமா? மாநில வண்டிச் சோதனை அதிகாரியை. தன் வண்டியைத் தானே பிடித்துக் கொடுத்தாள்!

அவர் வந்தார், அடியில் பார்த்தார், தலையில் கை வைத்துக்கொண்டார். "தாள்ல உங்க கையெழுத்து இருக்கேம்மா. உங்க பேர்லயும் எழுதணும்."

"எழுதுங்க சார். பாக்காமத்தான் போட்டேன். தலைக்கு மேல வெள்ளம் போனப்புறம் சாண் என்ன, முழம் என்ன?"

ஓடக்கூடாது என்று ஸ்டிக்கர் ஒட்டினார். மார்லிஸ் இருட்டைப் பார்த்துக் கத்தினாளாம், "ஹாஸ்கெல்! இதை எவனும் இனிமே இறக்க மாட்டான். நான் இங்கயேதான் நிக்கப்போறேன்!" கருகல் வாசனை அந்த நிமிஷமே மறைந்துபோனது. அன்று ராத்திரியே வேலை போனது. அவள் அழவில்லை. வண்டியிலேயே சூப் குடித்துவிட்டுத் தூங்கினாள்.

என்ன லேலண்ட், சிரிக்கிறாய்?

"கதை நல்லாத்தான் இருக்கு. போல்ட்டைப் பாத்துச் சொல்றதுக்குப் பேய் வேற வேணுமா?"

வேண்டாம்தான். நாமே இறங்கிப் பார்த்தால் வேண்டாம்.

...ஷ்ஷ். பேசாதே.

டங்...

ஒன்பது பேரும் உள்ளேதானே இருக்கிறோம்? எண்ணிப் பாருங்கள். ஒன்பது. டங்... டங்... அது என் வண்டிப் பக்கம். தாண்டிவிட்டது. டங்... வரிசையில் கடைசியாக நிற்பது யார் வண்டி?

கிளிங்.

லேலண்ட், உட்கார். டார்ச் எடுத்துக்கொண்டு எல்லோரும் சேர்ந்தே போவோம். முதலில் அந்தச் சோதனைத் தாளைக் கிழி. சாலை திறந்தாலும் நாளைக்கு உன் வண்டி நகராது, நகர விடமாட்டோம்.

கதவிடுக்கில் வருகிறதே, வாசனை... காலையிலிருந்து வெளியே ஒரு வண்டியும் அசையவில்லை. யாருடைய பிரேக் கருகுகிறது?