பக்கம் மாறினா குறி மாறும்

ஐயோ, பயப்படாதீங்க, ஆஸ்பத்திரி லிப்ட் அறுந்தெல்லாம் விழாது. நடுவுல நின்னுபோச்சு, அவ்வளவுதான். நீங்க மணி அடிச்சதும் கீழேருந்து வாட்ச்மேன் பத்து நிமிஷம்னு கத்தினாரே, கேட்டுச்சா? பத்து நிமிஷம் தாராளம். அதுக்குள்ள ஒண்ணு ரெண்டு கணக்கு போட்டுடலாம்.

கணக்குதாங்க. சிரிக்காதீங்க. நான் ஸ்கூல்ல கணக்கு டீச்சர். பதட்டமா இருந்தா கணக்கு போட்டாதான் எனக்கு மூச்சே வரும். கணக்குன்னாலே காத தூரம் ஓடுவீங்களா? இங்க எங்க ஓடுறது, சொல்லுங்க.

ஒரு ஏணி சுவத்துல சாஞ்சு நிக்குது. நீளம் பதிமூணு அடி. அதோட கால் சுவத்துலேருந்து அஞ்சடி தள்ளி இருக்கு. மேல் முனை எவ்வளவு உயரம்? மொதல்ல படம். இந்தக் கண்ணாடியில விரலால போடுறேன் பாருங்க. இது சுவர், இது தரை, சாய்வா இருக்கே அது ஏணி. சுவரும் தரையும் செங்கோணம். அப்ப நீளமான பக்கத்தோட வர்க்கத்துலேருந்து சின்னப் பக்கத்தோட வர்க்கத்தைக் கழிக்கணும். பதிமூணு பதிமூணு நூத்தி அறுபத்தொம்பது. அஞ்சஞ்சு இருபத்தஞ்சு. கழிச்சா? நூத்தி நாப்பத்தி நாலு, கரெக்ட். எதை அதாலேயே பெருக்கினா அது வரும்? பன்னெண்டுதான். பன்னெண்டு அடி. உங்களுக்கு கணக்கு வராதுன்னு யாருங்க சொன்னது?

ஆமா, கோடு கோணலாதான் போகுது. விடுங்க, இன்னொண்ணு போடுவோம். ஒரு எண்ணை மூணால பெருக்கி, ஏழைக் கழிச்சா இருபது. அந்த எண் எக்ஸ்னு வச்சுக்குவோம். மூணு எக்ஸ் கழித்தல் ஏழு, சமம் இருபது. ஏழை அந்தப் பக்கம் கொண்டுபோனா, இருபதுல ஏழு போக பதிமூணு. அப்ப எக்ஸ்... மூணால வகுபடலையே. எப்படி வகுபடாம போகும்?

என்ன சொன்னீங்க? கூட்டணுமா? ஆமாங்க. பக்கம் மாறினா குறி மாறும். இருபத்தேழு. எக்ஸ் ஒம்பது. இதைச் சொல்லிச் சொல்லியே என் தொண்டைத்தண்ணி வத்திப்போச்சு. குறி மாத்தாத பிள்ளைங்களை வெளியில நிக்க வச்சிருக்கேன். எனக்கே மறந்துடுச்சு பாருங்க.

இல்லைங்க, லிப்ட்டுக்கு பயமில்ல. இது இப்படியே நின்னுட்டா நல்லாருக்கும்னு தோணுது. உங்க மாமியாருக்குக் கொண்டுபோற பால் ஆறிடும், மன்னிச்சுக்குங்க. என் ரிப்போர்ட் அஞ்சாவது மாடியில இருக்கு. கழுத்துல ஒரு கட்டி, சதை எடுத்து அனுப்பினாங்க. முன்னாடி எடுத்த டெஸ்டுக்கெல்லாம் போன்லயே ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டு வச்சிடும் அந்த நர்ஸ், சிடுமூஞ்சி. இன்னிக்கு காலையில ரொம்ப அன்பா பேசிச்சு. அந்த அன்புதாங்க இடிக்குது. நேர்ல வாங்க டீச்சர், தனியா வேண்டாம், யாரையாவது கூட்டிட்டு வாங்கன்னுச்சு. வீட்டுக்காரர்கிட்ட ஸ்டாஃப் மீட்டிங்னு சொல்லிட்டு வந்துட்டேன். அவர் முகத்தைப் பாத்துக்கிட்டு என்னால அதைக் கேக்க முடியாது.

அசையுது. அசையுதுங்க.

நீங்க நாலாவது மாடிதானே? ஒரே ஒரு மாடி, என்கூட வரீங்களா? ஒண்ணும் பேச வேண்டாம், பக்கத்துல உக்காருங்க போதும். யாருன்னு கேட்டா, எங்க அக்கான்னு சொல்லிடுறேன்.