மேல்தகடு விட்ட பாலம்

ஜன்னலைச் சாத்த வேண்டாம், இன்ஸ்பெக்டர் ஐயா, எனக்குக் குளிர் பழகியது. பொகவந்தலாவைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் பிறந்தவன் நான். அங்கிருந்து படித்துப் பொறியியலாளனான முதல் ஆள். எங்கள் ஆற்றுக்கு நடைபாலம் கட்டும் வேலை என் கைக்கு வந்தபோது தோட்டமே என்னைத் தலையில் தூக்கி வைத்து ஆடியது.

அந்தப் பாலத்தின் உத்திரங்கள் அடுக்கு உத்திரங்கள். மேலும் கீழும் மெல்லிய இரும்புத் தகடு, நடுவில் கெட்டியான நுரை, பசை போட்டு ஒட்டியது. பாரம் ஏறினால் மேல்தகடு நெருக்குப்படும். நுரை அதைப் பிடித்திருக்கும்வரை பயமில்லை. பிடி விட்டுப்போனால் தகடு ஒரே நொடியில் மடிந்துவிடும், முன்கூட்டி எதையும் காட்டாது.

பசை காய வெயில் வேண்டும். நான் ஒட்டிய வாரம் முழுக்க மூடுபனி. திறப்பு விழாவுக்கு நாள் குறித்தாகிவிட்டது, ஒட்டினேன். திறந்து இரண்டு வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, மேல்தகட்டை நாணயத்தால் தட்டிப் பார்த்தேன். ஓரங்களில் கெட்டியான சத்தம். நடுவில் ஆறடி நீளத்துக்கு வெற்றுப் பெட்டியைத் தட்டியதுபோல் கேட்டது. மேல்தகடு நுரையை விட்டிருந்தது.

பாலத்தை மூடியிருக்கலாமே என்பீர்கள். யோசித்தேன். லயத்துப் பையனிடம் கொடுத்தால் இப்படித்தான் என்பார்கள். எனக்குப் பின்னால் படிக்கிற பிள்ளைகளுக்கும் அந்தப் பேச்சு ஒட்டிக்கொள்ளும். எப்படியும் விழப்போகிற பாலம். ஆறு பேரோடு விழுந்தால் பிழை என்னுடையது, ஏனென்றால் ஒரு நேரத்தில் ஆறு பேர் என்று பலகை வைத்தவன் நான். கூட்டத்தோடு விழுந்தால் பிழை கூட்டத்தினுடையது.

ஆட்களை எண்ணி விடுவது காவல்காரர் மாயாண்டியின் வேலை. திங்கட்கிழமை காலை, வேலைக்குப் பெயர் பதியும் பெரட்டுக்கு ஆட்கள் வரும் நேரம் பார்த்து, பெயின்ட் வாங்கி வரும்படி அவரைக் கடைத்தெருவுக்கு அனுப்பினேன்.

"பெரட்டு முடிஞ்சு போறேனுங்க ஐயா. இல்லேன்னா எல்லாம் ஒண்ணா ஏறிருவாங்க" என்றார்.

"நான் பாத்துக்கிறேன். நீங்க போங்க."

சங்கு ஊதியது. பெரட்டுக்குப் பிந்தினால் அன்று வேலை கிடையாது, வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான். பெண்கள் கூடையும் இடுப்பில் கட்டிய படங்குமாக ஓடி வந்தார்கள். எங்கள் லயத்தில் அடுத்த காம்பராவில் இருந்த வேலாயி அக்கா மட்டும் பலகை அருகே நின்றார்.

"தம்பி, ஆளுங்க நெறைய இருக்காங்களே, ஏறலாமா?"

ஏறுங்க அக்கா என்றேன்.

"நம்ம லயத்துப் புள்ள கட்டுன பாலம், நமக்கென்ன பயம்? வாங்கடி" என்று பின்னால் தயங்கியவர்களையும் கூப்பிட்டுக்கொண்டு நடந்தார்.

நான்கு பேர் செத்தார்கள். வேலாயி அக்காவும் அதில் ஒருவர். மாயாண்டி இரண்டு மாதமாக உள்ளே இருக்கிறார். இடத்தை விட்டுப் போனது தன் பிழைதான் என்று அந்த மனிதர் உண்மையாகவே நம்புகிறார். எனக்கோ, கதவானாலும் சாப்பாட்டு மேசையானாலும், எதைத் தட்டினாலும் உள்ளே வெறுமையாகக் கேட்கிறது. சில நாள் சத்தம் வருவதற்கு நான் தட்டக்கூட வேண்டியதில்லை. பயமாக இருக்கிறது, ஐயா.

எழுதிக்கொள்ளுங்கள். தெரிந்தேதான் மாயாண்டியை அனுப்பினேன். தெரிந்தேதான் அவர்களை ஏறச் சொன்னேன். ஒன்றை மட்டும் மறக்காமல் சேர்த்து எழுதுங்கள். அன்று ஏறியவர்கள் பத்தொன்பது பேர். ஆறு பேர் ஏறி என் பாலம் ஒருநாளும் விழவில்லை.