மாப்பிள்ளை பேருக்குப் பின்னால் காலி இடம்

பிளஸ் டூ முடித்த பிள்ளைகளைப் பெற்ற மகாஜனங்களே! வெயிலுக்கு அப்ளிகேஷனால் விசிறுவதைக் கொஞ்சம் நிறுத்துங்கள். ஒரு குட்டிக் கதை சொல்கிறேன், கேட்டுவிட்டு அப்புறம் அதை நிரப்புங்கள்.

சாத்தூரில் தில்லைநாயகம் என்று ஒருவர். பட்டம் என்றால் அவருக்கு உயிர். அவர் வீட்டுக் கல்யாணப் பத்திரிகையைப் பார்க்கணுமே... பேர் ஒரு முழம், பட்டம் ஒன்பது முழம்! தபால்காரர் அதற்கென்று தனி வண்டி வைத்திருந்தார்.

அவர் மகள் செண்பகவல்லி, எம்.எஸ்ஸி., எம்.ஃபில். அவளுக்குப் பிடித்துப்போன மாப்பிள்ளை மருதப்பன், ஐ.டி.ஐ. முடித்த ஏசி மெக்கானிக். ஜாதகம் பொருந்தியது, குடும்பம் பொருந்தியது... அச்சாபீஸில் வந்து மாட்டிக்கொண்டது!

"என்ன மாப்ளே, உங்க பேருக்குப் பின்னாடி காலியாக் கிடக்கு? ஒரு பி.ஏ.வாவது போட்டுருவோமா?"

"வாங்காததை எப்படி மாமா போடுறது?"

"அப்போ பட்டம் இல்லேன்னா பத்திரிகை இல்லை. பத்திரிகை இல்லேன்னா கல்யாணமும் இல்லை!"

அச்சு மிஷின் தானாக நின்றது. எப்போதும் வறண்டு கிடக்கும் வைப்பாற்றில் தண்ணீரே வந்துவிட்டது என்கிறார்கள்! செண்பகவல்லி மட்டும் அசையவில்லை.

"அப்பா, அந்த இடத்துல அவர் போன் நம்பரைப் போடுங்க. முடியாதுன்னா என் பட்டம் ரெண்டையும் எடுத்துடுங்க."

எடுப்பதா? எம்.ஃபிலையா? மனிதர் ஆடிப்போனார். பத்திரிகையில் நம்பர் ஏறியது.

அதுவோ அக்னி நட்சத்திரம். ஆயிரம் வீட்டுக்குப் பத்திரிகை போனது. மருதப்பனுக்குப் போன் மேல் போன். வாழ்த்துச் சொன்னது யார்? ஒருவருமில்லை!

"தம்பி, நான் பொண்ணுக்குப் பெரியப்பா முறை. எங்க ஏசியில தண்ணி சொட்டுது..."

"மாப்ளே, நான் சின்ன மாமா. காத்து வருது, குளிர்ச்சி வரலை..."

என்ன படித்திருக்கிறாய் என்று ஒருத்தராவது கேட்டார்களா? கேட்கவில்லை!

கல்யாணத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது தில்லைநாயகம் வீட்டு ஏசியே படுத்துவிட்டது.

"மாப்ளே, உடனே வாங்க!"

"வரிசையில பதினேழு வீடு இருக்கு மாமா. வியாழக்கிழமைதான் முடியும்."

"வியாழக்கிழமை உங்களுக்குக் கல்யாணம்யா!"

"நல்லதாப் போச்சு. மறுவீட்டுக்கு எப்படியும் அங்கதானே வருவேன்... அப்போ பார்த்துடுறேன்."

இப்போது சொல்லுங்கள், பட்டம் வேண்டாமா? நான் அப்படிச் சொல்லவில்லை. செண்பகவல்லி கல்லூரியில் வேதியியல் நடத்துகிறாள். அவளைத் தேடியும் பிள்ளைகள் பாடம் கேட்க வீடு வரைக்கும் வருகிறார்கள். எனக்கு ரெண்டு பேரும் ஒன்றுதான்.

அப்ளிகேஷனில் பேனா வைக்கும் முன் ஒரே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள். இதைப் படித்தால் என் பிள்ளையை யார் கூப்பிடுவார்கள், எதற்காகக் கூப்பிடுவார்கள்? பதில் இருக்கிறதா... கல்லூரிக்கும் அனுப்புங்கள், ஐ.டி.ஐ.க்கும் அனுப்புங்கள். பதில் இல்லையா...

அட, பத்திரிகையில் ரெண்டு எழுத்து அச்சடிக்க யாராவது மூன்று வருஷம் காத்திருப்பார்களா?