நின்றால் தெரியும் அம்பு

எங்கள் சென்டருக்குள் வருகிறவர்கள் செருப்பை வாசலிலேயே கழற்றிவிடவேண்டும். தூசி கம்ப்யூட்டருக்கு ஆகாது. நீங்கள் போலீஸ் ஷூவைக் கழற்றிவிட்டு வந்து உட்கார்ந்தது எனக்கு நிறைவாக இருந்தது சார். சிலர் கழற்றமாட்டார்கள்.

நீங்கள் கேட்டது ஒரே கேள்விதான். ஜாஸ்பரின் பையில் நாற்பத்தோரு காகிதம் இருந்தது, எல்லாவற்றிலும் அடியில் மெக்காலம் என்று பெயர் இருக்கிறது, யார் அந்த அமெரிக்காக்காரர் என்று கேட்டீர்கள். ஒரு வரியில் சொல்லிவிடலாம். ஒரு வரியில் சொன்னால் தவறாக எடுத்துக்கொள்வீர்கள். அதனால் முதலில் விளையாட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

ரெட் ஹேங்கர் என்று பெயர். செவ்வாய்க் கிரகத்தில் யாரோ கைவிட்டுப்போன விமானக் கொட்டகைகள். கையில் துப்பாக்கி, முதுகில் குறைந்துகொண்டே வரும் காற்று, சுவருக்குப் பின்னால் ஜந்துக்கள். முதல் பாகத்தை மேலப்பாளையத்துக்காரர் ஒருவர் துபாயிலிருந்து லீவில் வந்தபோது ஏழு ஃபிளாப்பியில் கொண்டுவந்து கொடுத்தார். அதில் வரைபடம் கிடையாது. எல்லாத் தாழ்வாரமும் ஒரே மாதிரி, எல்லாக் கதவும் ஒரே சிவப்பு. வெளியே போகும் வழியை நீங்களே கண்டுபிடிக்கவேண்டும், இல்லையென்றால் மூச்சு முட்டிச் சாகவேண்டும். நான் முடிக்கப் பதினோரு வாரம் ஆயிற்று. பாளையங்கோட்டையில் அதை முதலில் முடித்தவன் நான்.

இரண்டாம் பாகத்தில் தரையில் பச்சை அம்புக்குறி போட்டுவிட்டார்கள். அதைப் பார்த்துக்கொண்டே போனால் வாசல் வந்துவிடும். வந்த வாரமே மூன்று பேர் முடித்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சென்டரில் வகுப்பு இல்லை. ஐந்தாறு பேர் வருவார்கள். விளையாடுவதைவிடப் பேச்சுதான் அதிகம். எந்த ஜந்துக்கு எந்தத் துப்பாக்கி, காற்று இவ்வளவு சீக்கிரம் தீரலாமா என்று எங்கெங்கோ சுற்றி, கடைசியில் அம்புக்குறியில் வந்து நிற்கும். ஜாஸ்பர் அம்புக்குறிக் கட்சி. சமாதானபுரம் அப்பாத்துரை வாத்தியாரின் மகன், பி.எஸ்ஸி. இயற்பியல் கடைசி வருஷம், சிரித்த முகம்.

"அம்பு வழியத்தான வே காட்டுது, சுடவா செய்யுது? சுடுதது நாமதான" என்பான்.

மருந்துக்கடை பரமசிவன் ஒத்து ஊதுவான். "ஜங்ஷன்ல பஸ்ஸுக்குப் பஸ் போர்டு மாட்டிருக்கான். அண்ணாச்சிகிட்ட விட்டா அதயும் கழத்திருவாரு. ஏறிப் பாருலே, தென்காசி வந்தா உன் அதிர்ஷ்டம்னுட்டுப் போயிருவாரு."

"தொலைஞ்சு தேடுனாத்தாம்லே வாசலப் பாக்கும்போது சந்தோசம்" என்றேன் நான். "கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போறதுக்கு எதுக்கு வெளாட்டு?"

"நல்லவேள, அண்ணாச்சி வாத்தியாருக்குப் படிக்கல" என்றான் ஜாஸ்பர். "பிள்ளைகளக் கிணத்துல தள்ளிவிட்டுட்டு, மேல நின்னு மார்க் போட்டுட்டு இருப்பிய."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அது போன வருஷம் ஆகஸ்ட் பதினேழு.

அன்றைக்கேதான் அவன் அந்த யோசனையையும் சொன்னான். "சரி, ரெண்டு கட்சிக்கும் பொதுவா ஒண்ணு சொல்லுதேன். ஓடிட்டே இருக்கவனுக்கு அம்பு தெரியாண்டாம். ஒருத்தன் போக்கத்துப்போயி ஒரு நிமிசம் அசையாம நிக்காம்னு வைங்க, அப்பம் காட்டணும். அப்பிடி நிக்கவந்தான நெசமாத் தொலைஞ்சவன்."

நல்ல யோசனைதான். நான் அதை என்றைக்கும் மறுத்ததில்லை.

மூன்றாம் பாகம் தயாராகிறது, ரசிகர்கள் கருத்தை ஈமெயிலில் அனுப்பலாம் என்று ஒரு பத்திரிகையில் வந்தது. ஈமெயில் எங்கள் தெருவில் என்னிடம் மட்டும்தான் உண்டு. அதன் நடைமுறையை நீங்கள் தெரிந்துகொள்ளவேண்டும் சார். மகன் சவூதியில் இருக்கிறவர்கள், மாப்பிள்ளை மஸ்கட்டில் இருக்கிறவர்கள் எழுதிக்கொண்டு வருவார்கள். நான் அடித்து, மதுரைக்கு டெலிபோன் லைன் கிடைத்ததும் அனுப்புவேன். பதில் வந்தால் பிரிண்ட் எடுத்து, மடித்து, பெயர் எழுதி வைப்பேன். வாங்கிப்போவார்கள். தந்தி மாதிரி. ஸ்கிரீனை யாரும் பார்ப்பதில்லை. மேலே அனுப்பியவர், பெறுபவர், தேதி, பொருள் என்று நாலு வரி இருந்தால் அது ஈமெயில்.

ஜாஸ்பர் நாலு பக்கம் எழுதினான். ஒரு எழுத்துக்கூட மாற்றாமல் அனுப்பினேன். நானும் ஆறு பக்கம் எழுதி அனுப்பினேன். ஒன்பதாம் நாள் இரண்டுக்கும் பதில் வந்தது. எனக்கு வந்தது, தங்கள் ஆர்வத்துக்கு நன்றி என்ற ஒரு வரி, யாருடைய பெயரும் இல்லாமல். ஜாஸ்பருக்கு விளையாட்டை வடிவமைக்கிற மெக்காலம் அவரே எழுதியிருந்தார். நின்றால் தெரியும் அம்பு அவருக்கு ரொம்பப் பிடித்துவிட்டதாம், மூன்றாம் பாகத்தில் வைக்கப்போகிறாராம். ஒரு கட்டம் வரைந்து அனுப்பு, நன்றாக இருந்தால் பயிற்சிக்கு எடுத்துக்கொள்கிறோம் என்று இருந்தது. அந்தக் காகிதம் இரண்டாவது மேசை இழுப்பறையில் இருக்கிறது. நீங்கள் எடுத்துக்கொள்ளலாம்.

எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. ஆனால் ஒரு கடிதத்தால் ஒரு பெரிய விஷயம் தீர்ந்துவிடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. பதினோரு வாரம் தேடாத ஒருவனுக்கு வாசல் தானாக வந்து நிற்கிறது. அதே நாலு வரியை மேலே வைத்துக் கீழே நான் அடித்தேன். அம்புக்குறி தவறு. ஆனாலும் உனக்குத் திறமை இருக்கிறது, அம்புக்குறி இல்லாத ஒரு கட்டம் வரைந்து அனுப்பு. கீழே மெக்காலம் என்று போட்டேன். அவ்வளவுதான் முதல் கடிதம்.

ஜாஸ்பர் ஜாங்கிரி வாங்கிக்கொண்டு வந்தான். "தோத்துட்டேன் அண்ணாச்சி, நீங்க சொன்னதுதான் சரியாம்" என்று எல்லார் முன்னாலும் சொன்னான். அவன் பெருந்தன்மையான பையன். அதோடு விட்டிருக்கலாம் என்று நீங்கள் நினைக்கலாம். அவன் மனதில் இருந்து சொல்லவில்லை சார், சந்தோஷத்தில் சொன்னான். அது எனக்குத் தெரிந்தது.

கிராஃப் தாளில் வரைந்துகொண்டு வருவான். பென்சில் அவ்வளவு சுத்தமாக இருக்கும். நான் ஸ்கேனரில் வைத்து மூடியைச் சாத்துவேன், வெளிச்சம் ஒருமுறை ஓடும், போயாச்சு என்பேன். நாலைந்து நாளில் மெக்காலத்தின் பதில் வரும். கதவு அதிகம். ஆட்டக்காரன் சீக்கிரம் வெளியே வந்துவிடுகிறான். வெளிச்சத்தைக் குறை. அவன் வெளிச்சத்தைக் குறைத்தான், கதவைக் குறைத்தான். ஏழாவது படத்தில் வாசலே இல்லை. அவனுக்கு அது தெரியவில்லை. நான் கவனித்தேன், சொல்லவில்லை.

ஏப்ரலில் ஒரு படம் பதினேழாம் தேதிக்குள் வேண்டும் என்று எழுதினேன். பதினாறாம் தேதி அவனுக்கு பிராக்டிகல் பரீட்சை. அது தெரிந்துதான் எழுதினேன், மறைப்பதற்கில்லை. அவன் எதைத் தேர்ந்தெடுக்கிறான் என்று பார்க்கவேண்டியிருந்தது. அவன் படத்தைத் தேர்ந்தெடுத்தான்.

ஜூனில் அவன் அப்பா அலைந்து திரிந்து ஒரு பள்ளிக்கூடத்தில் லேப் வேலைக்குச் சொல்லிவைத்தார். பரீட்சையைப் பிறகு எழுதிக்கொள்ளலாம், வந்து சேரச் சொல்லுங்கள் என்றார்களாம். ஜாஸ்பர் மெக்காலத்திடம் யோசனை கேட்டான். சேரட்டுமா, காத்திருக்கட்டுமா. நான் இரண்டு நாள் யோசித்து அடித்தேன். உன் முன்னால் இரண்டு கதவு இருக்கிறது, ஒன்றுதான் வெளியே போகிறது, எது என்று நான் சொல்லமாட்டேன்.

வாசித்துவிட்டுச் சிரித்தான். "டெஸ்ட் பண்ணுதாரு அண்ணாச்சி. நான் விடமாட்டேன்." வேலை வேண்டாம் என்று சொல்லிவிட்டான். அதற்குப் பிறகு அவன் வீட்டில் அப்பாவும் மகனும் பேசிக்கொள்வதில்லை என்று பரமசிவன் சொன்னான்.

அக்டோபரில் மூன்றாம் பாகம் என் கைக்கு வந்தது. கதவைச் சாத்திக்கொண்டு போட்டுப் பார்த்தேன். ஒரு தாழ்வாரத்தில் கையை எடுத்துவிட்டுச் சும்மா இருந்தேன். சரியாக ஒரு நிமிடத்தில் தரையில் பச்சை அம்பு தெரிந்தது. அழகாகச் செய்திருந்தார்கள். கடைசியில் நன்றி சொல்லும் பட்டியலில் ஜாஸ்பர் ஏ., இந்தியா என்று இருந்தது. சிடியில் கீறல், ஓடவில்லை என்று எல்லாரிடமும் சொல்லிவிட்டேன்.

அன்றோடு எழுதுவதை நிறுத்தினேன். அம்புக்குறி தவறு என்று மெக்காலம் சொல்லியிருக்கிறார், அவர் செய்த விளையாட்டில் அம்புக்குறி இருக்கிறது. இதை எப்படி விளக்குவது என்று எனக்குத் தெரியவில்லை. தெரியாதபோது பேசாமல் இருப்பதுதான் நேர்மை.

நாற்பத்து மூன்று நாள் அவன் தினமும் வந்தான். முதலில் வந்து உட்கார்ந்து பேசுவான். பிறகு வாசலிலேயே செருப்போடு நின்று கேட்டுவிட்டுப் போவான். பரமசிவன்கூட ஒருநாள், "அந்த வெள்ளக்காரனுக்கு ஒரு போனப் போட்டுக் கேளுங்க அண்ணாச்சி, பய உருகிட்டே போறான்" என்றான். நம்பர் இல்லை என்றேன்.

கடைசி நாள் மழை. ஆற்றில் தண்ணீர் குறுக்குத்துறைக் கோயிலை மூடிவிட்டது என்று காலையிலேயே பேச்சு. நாலரை மணிக்கு வந்தான்.

"வந்துச்சா அண்ணாச்சி?"

"வரலலே."

"ஒரு வரி போதும் அண்ணாச்சி. உண்டுன்னு சொல்லாண்டாம், இல்லன்னே சொல்லட்டும். இல்லன்னு வந்துட்டாக்கூட எங்க அப்பா கால்ல போயி விழுந்துருவேன். ஒண்ணுமே சொல்லாம இருந்தா நான் எங்கன போவேன்?"

"பொறுத்துப் பாரு."

"பொறுத்தாச்சு."

பிரிண்டரில் காகிதம் இருந்தது. இல்லை என்ற ஒரு வார்த்தையை அடித்து எடுக்க இரண்டு நிமிடம் ஆகாது. இப்போதுதான் வந்தது என்று கொடுத்திருக்கலாம். அவன் படியிறங்கித் தெருவில் போய் நின்றான். குடை இல்லை. அங்கேயே அசையாமல் நின்றான். நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன், ஒரு நிமிடத்துக்கும் மேலேயே நின்றான். அவன் சொன்ன விதிப்படி அந்த நேரத்தில்தான் அம்பு தெரிந்திருக்கவேண்டும். ஆனால் அது அவனுடைய விதி, என்னுடையது அல்ல. சமாதானபுரம் போக இடப்பக்கம் திரும்பவேண்டும். அவன் வலப்பக்கம் திரும்பி வண்ணார்பேட்டை ரோட்டில், ஆற்றைப் பார்த்து நடந்தான். கூப்பிட்டால் கேட்கும் தூரம்தான். பைய நடந்துதான் போனான்.

மூன்றாம் நாள் உடல் சீவலப்பேரிப் பக்கம் கரை ஒதுங்கியது உங்களுக்கே தெரியும். அடக்கத்துக்கு நானும் போனேன். நன்றாகப் பாடினார்கள்.

அதற்கு நாலு நாள் கழித்து அப்பாத்துரை சார் வந்தார். செருப்பைக் கழற்றப் போனவரை, பரவாயில்லை சார் என்றேன். கேட்கவில்லை, கழற்றிவிட்டுத்தான் வந்தார். "தம்பி, அந்த அமெரிக்கா சாருக்கு ஒரு தகவல் அனுப்பணும்" என்றார். "எம் மவன் கடைசியாக் கேட்டத சரியா வரைஞ்சு அனுப்பலபோல. அதான் அவங்க பதில் போடாம இருந்திருக்காங்க. அவன்மேல கோவப்படவேண்டாம்னு எழுதுங்க. அவன் சோம்பேறி இல்லன்னு எழுதுங்க."

அவர் சொல்லச் சொல்ல ஆங்கிலத்தில் அடித்தேன். இரண்டு நாள் கழித்து வரச் சொன்னேன். பதிலையும் அடித்துவைத்தேன். உங்களிடம் இருக்கும் நாற்பத்தொன்றில் அது சேராது, நாற்பத்திரண்டாவது. உருக்கமாகவே எழுதினேன். உங்கள் மகனைப் போன்ற உழைப்பாளியை நான் கண்டதில்லை, அவன்மேல் எனக்குக் கோபம் ஒருநாளும் இருந்ததில்லை என்றெல்லாம் எழுதி, முடிவில் ஒரு வரி சேர்த்தேன். அம்புக்குறி தேவையில்லை என்பதை உங்கள் மகன் கடைசியில் ஒப்புக்கொண்டார்.

அப்பாத்துரை சார் வந்து, கண்ணாடியைத் துடைத்துவிட்டு இரண்டு முறை வாசித்தார். அந்த வரியில் விரலை வைத்துக்கொண்டு, "அம்புக்குறின்னா என்ன தம்பி?" என்றார். நான் ஒரு தாளில் தாழ்வாரம் வரைந்து, ஒரு ஆளை வரைந்து, அம்பு வரைந்து விளக்கினேன். கணக்கு வாத்தியார், சீக்கிரம் பிடித்துக்கொண்டார்.

"வழி தெரியாம நிக்கவனுக்குக் காட்டலாம்னு சொல்லிருக்கான். அது தப்பா?"

"தப்புதான் சார்."

"நீங்க சொன்னாச் சரியாத்தான் இருக்கும்" என்று அந்தத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். என் கையைப் பிடித்து, இவ்வளவு நாள் அவனுக்குத் துணையாக இருந்ததற்கு நன்றி சொன்னார்.

எழுதிக்கொள்ளுங்கள் சார். மெக்காலம் எழுதியது ஒன்று, அது இழுப்பறையில். மற்ற நாற்பத்திரண்டும் நான் எழுதியவை. பொறாமை என்று மட்டும் போடவேண்டாம். ஒரு விளையாட்டை எப்படிச் செய்யவேண்டும் என்பதில் எங்கள் இரண்டு பேருக்கும் கருத்து வேறுபாடு இருந்தது, அவ்வளவுதான். அதில் ஜெயிக்கவேண்டும் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை.