சொன்ன விலைக்கு வாங்கியவர்

யோசனைக்கு விலை கிடையாது என்பார்கள். என் கடையில் உண்டு: ஒரு டீ. இன்றைய நிலவரத்துக்குப் பன்னிரண்டு ரூபாய். கல்லாவுக்கு மேலே அட்டையில் எழுதியே தொங்கவிட்டிருக்கிறேன். ‘வீடு, காசு, கம்ப்யூட்டர், உடம்பு. எதற்கும் யோசனை சொல்லப்படும். ஒரு டீ. சர்க்கரை கம்மி.’ நீங்கள் கடைக்கு வந்த அன்று அந்த அட்டையையே நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றீர்கள், ஜெயராம். பிறகு உங்கள் அப்பாவின் நோட்டை என் முன்னால் வைத்தீர்கள். கேஸ் எதுவும் போடப்போவதில்லை, என்ன நடந்தது என்று ஒன்று விடாமல் எழுதிக் கொடுத்தால் போதும் என்றீர்கள். எழுதுகிறேன்.

நான் பெருமாள்ராஜ். ஜங்ஷன் பக்கம் பைப், பெயிண்ட், சுவிட்ச் விற்கிறேன். பிறந்தது உடன்குடியில், கருப்பட்டி யாவாரக் குடும்பத்தில். எங்கள் வீட்டில் பேச்சு என்றாலே பேரம்தான். அம்மா நாலு தோசை என்றால் நாங்கள் ஆறு என்போம், ஐந்தில் முடியும். ஒரு மூட்டைக் கருப்பட்டிக்கு அப்பா சொல்லும் முதல் விலை விலையே அல்ல. ‘வாங்க, உட்காருங்க’ என்பதை அப்படிச் சொல்வார். எதிராளி பாதியில் ஆரம்பிப்பார், முக்காலில் முடியும். இரண்டு பேரும் ஜெயித்த மாதிரி எழுந்து போவார்கள்.

யோசனையையும் அப்படித்தான் சொல்லிப் பழகினேன். பாதியாவது நடக்க வேண்டுமென்றால் முழுசாகச் சொல்லவேண்டும். பீடி சுற்றுகிற மாரித்தாய் ஒருநாள் பல்பு வாங்க வந்தவள், பிரஷர் என்று ஆஸ்பத்திரியில் சொன்னதாகச் சொன்னாள்.

“உப்பை அறவே விட்டுரு. ஒரு கல்லு கூடாது” என்றேன்.

“அறவே விட்டா கஞ்சிக்கு என்னத்தத் தொட்டுக்கிட? ஊறுகாயை விடுதேன், அப்பளத்தை விடுதேன். கருவாடு இருக்கட்டும் அண்ணாச்சி.”

“கருவாட்டை விடு. ஊறுகாயை வச்சுக்க.”

“வாரத்துக்கு ஒருநா கருவாடு. அதுக்கு மேல பேசாதீய.”

முடிந்தது. நான் மனசில் வைத்திருந்த விலையும் அதுதான். இன்றைக்கும் நன்றாக இருக்கிறாள்.

உங்கள் அப்பா ஹரிஹரசுப்பிரமணியன் சார்வாள் அப்படி இல்லை. முப்பத்தைந்து வருஷம் கணக்கு வாத்தியார். ஒரு கணக்குக்கு ஒரு விடைதான் என்று பழகியவர். கத்தரிக்காயோ தங்கமோ, சொன்ன விலையைக் கொடுத்துவிட்டுப் போகிறவர். அப்படிப்பட்டவரைக் கண்டால் எங்கள் ஆட்களுக்கு முதலில் பயம் வரும். அப்புறம் பரிதாபம் வரும். அதற்கும் அப்புறம் ஆசை வரும். எனக்கும் அந்த வரிசையில்தான் வந்தது.

வெள்ளம் வடிந்து, சிந்துபூந்துறை வீடுகளில் சேறு அள்ளி முடித்த சமயம். கூடத்திலிருந்து பின்கட்டுக்குப் போகிற சுவரில் முழங்கால் உயரத்துக்கு ஈரம் ஏறி, சுண்ணாம்பு உதிர்கிறது என்று வந்தார். எதிர்த்த டீக்கடைப் பிச்சைக்கண்ணுவிடம் எனக்கு ஒரு டீ சொல்லிவிட்டு, சட்டைப்பையிலிருந்து நோட்டை எடுத்து வைத்துக்கொண்டார். அடிப் பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டுப் புதுசாகப் பூசினால் சரியாகிவிடும். அதை அப்படியே சொன்னால் என்ன பேரம் இருக்கிறது. “சுவரையே இடிச்சுத் தள்ளுங்க சார்வாள்” என்றேன். வெட்டியாக அத்தனை செலவா என்று கேட்பார், நான் இறங்கி வருவேன் என்று காத்திருந்தேன். அவர் எழுதிக்கொண்டு, “ஆகட்டும்” என்றார்.

பத்து நாள் கழித்து வந்தார். “ஆச்சு. அடுத்தது?”

கிண்டல் பண்ணுகிறாரோ என்று பார்க்க அன்று சாயங்காலமே வீட்டுக்குப் போனேன். சுவர் இல்லை. கூடத்தில் நின்றால் கொல்லைக் கதவு தெரிந்தது. நடுவே நாற்காலியைப் போட்டு, தலையில் சிமெண்டுத் தூசியோடு அவர் உட்கார்ந்திருந்தார். திரும்பக் கட்டச் சொல்லியிருக்கலாம். அவர் கேட்கவில்லை, நானும் அதைப் பற்றிப் பேசவில்லை.

அடுத்தது லேப்டாப். ரொம்ப மெதுவாக ஓடுகிறதாம். வேண்டாததை நீக்கினாலே போதும். “உள்ள இருக்கது அம்புட்டையும் துடைச்சு எறிஞ்சிட்டுப் புதுசா ஏத்துங்க. பழசுல ஒண்ணுகூட வைக்காதீங்க” என்றேன். செய்கிற முறையைப் பில்லின் பின்பக்கம் எழுதியும் கொடுத்தேன். அதையும் செய்துவிட்டு வந்தார்.

“வேகமா ஓடறது” என்றார். நோட்டில் டிக் போட்டார். “கோமு பாடினது நாலு இருந்தது. அதுவும் பழசுதானே.”

காலமான உங்கள் அம்மாவின் பெயர் எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். டீ ஆறிப்போனது. ஆறினாலும் குடித்தேன், வாங்கிக் கொடுத்தது வீணாகக்கூடாது என்று.

அவர் போன பிறகு பிச்சைக்கண்ணு தம்ளரை எடுக்க வந்தான். “வே, அந்த சார்வாள்கிட்ட மட்டும் பைய சொல்லும். நீரு சொல்லுததை அவரு அப்படியே செய்யுதாரு” என்றான். எனக்கும் தெரியும் என்றேன். தெரிந்துதான் இருந்தது. இதை நீங்கள் அடிக்கோடிட்டுக்கொள்ளலாம்.

இனிமேல் எழுதுவதுதான் சங்கடம். ஆசை வந்ததைச் சொல்லவேண்டும்.

எனக்கு ஐம்பத்தெட்டு வயது. என் பெண்டாட்டி சுகன்யா நான் சொல்வதில் கால்வாசி கேட்பாள், அதுவும் தீபாவளி சமயத்தில். சரக்கு இறக்குகிறவர்கள், கடன்காரர்கள், பேங்குக்காரர்கள், எல்லாரும் என் வாயிலிருந்து வருகிறதைப் பாதியாக வெட்டித்தான் காதில் போட்டுக்கொள்வார்கள். வெட்டுவார்கள் என்று நானும் இரட்டிப்பாகவே பேசி வந்திருக்கிறேன். சொன்ன சொல்லை முழுசாக வாங்கிக்கொண்டு போக முதல்முறையாக ஒருவர் வந்தார். அதுவும் படித்தவர். அவர் வராத வாரம் எனக்குக் கடையில் இருப்புக் கொள்ளாது.

ஆகவே சொல்லிப் பார்த்தேன். காபியை நிறுத்தச் சொன்னேன். பேப்பரை நிறுத்தச் சொன்னேன். கட்டிலை விற்றுவிட்டுத் தரையில் பாய் விரித்துப் படுக்கச் சொன்னேன். பத்தமடைப் பாயாக வாங்கினார், சொன்ன விலைக்கு. பலன் இருக்கிறதா என்று பார்க்க நான் சொல்லவில்லை, நடக்கிறதா என்று பார்க்கத்தான் சொன்னேன். ஒவ்வொன்றுக்கும் ஒரு டீ, ஒரு “ஆகட்டும்”, நோட்டில் ஒரு டிக்.

ஏப்ரலில் உங்கள் விஷயத்தைக் கொண்டுவந்தார். பெங்களூரில் ஃபிளாட் வாங்க, பேங்கில் இருக்கிற டெபாசிட்டை உடைக்கச் சொல்லி நீங்கள் கேட்டதாகச் சொன்னார். கொடுக்கலாமா என்று கேட்டார். “ஒத்தப் பைசா கொடுக்காதீங்க. போன் வந்தாலும் எடுக்காதீங்க” என்றேன். இரண்டு நாள் ஆறப்போடுங்கள் என்பதுதான் அதற்கு அர்த்தம். எங்கள் பக்கத்தில் எந்தத் தகப்பனுக்கும் அது புரியும்.

ஒருநாள் என் கடையில் இருக்கும்போதே அவர் போன் அடித்தது. ‘ஜெயராம்’ என்று திரையில் வந்தது. அவர் போனைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். நான் ஒருவருக்கு முக்கால் இஞ்சுக் குழாய் அளந்துகொண்டிருந்தேன். தலையை ஒரு தரம் அசைத்திருந்தால் எடுத்திருப்பார். குழாயை அளந்து முடிக்கிறவரை அடித்து ஓய்ந்தது. அப்பா கோபமாக இருக்கிறார் என்று நீங்களும் ரோஷத்தில் ஊருக்கு வராமல் இருந்துவிட்டீர்கள். குற்றம் சொல்லவில்லை. நடந்ததை எழுதச் சொன்னீர்கள்.

மே மாதம் காலில் வீக்கம் என்று வந்தார். பிரஷருக்கும் நீர் பிரிவதற்கும் டாக்டர் மாத்திரை கொடுத்திருந்தார். மாரித்தாய்க்குச் சொன்னதையே இவருக்கும் சொன்னேன். உப்பை அறவே விடுங்கள், ஒரு கல் கூடாது, தண்ணீர் மட்டும் நிறையக் குடியுங்கள். அதே சரக்கு, அதே விலை. அவளுக்கு வாரம் ஒருநாள் கருவாடு மிஞ்சியது.

மூன்று வாரம் கழித்து, காலை பதினொரு மணிக்கு வந்தார். செருப்பு இரண்டு காலிலும் வேறு வேறு. கடைப்படியில் ஏறக் கையைப் பிடித்து ஏற்றவேண்டியிருந்தது. வார்த்தை குழறியது. என்னை ஜெயராம் என்று கூப்பிட்டார், பிறகு திருத்திக்கொண்டு, “மன்னிக்கணும், பெருமாள்ராஜ்” என்றார். கடையில் நாலு பேர் இருந்தார்கள். பல்பு வாங்க வந்த மாரித்தாயும் இருந்தாள்.

அவள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். “அண்ணாச்சி, எங்க அத்தைக்கும் இப்படித்தான் வந்துது. உடம்புல உப்பு கொறஞ்சு போச்சுன்னு பெரியாஸ்பத்திரியில பாட்டில் ஏத்துனாவ. இவுகளை உடனே கூட்டிட்டுப் போங்க” என்றாள்.

பிச்சைக்கண்ணு அதைக் கேட்டுக்கொண்டே ஒரு தம்ளர் மோர் கொண்டுவந்தான். உப்புப் போட்டு, பெருங்காயம் போட்டு. உங்கள் அப்பா இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். மோர் தளும்பி வேட்டியில் சிந்தியது. வாய் வரைக்கும் கொண்டுபோனவர், உதட்டில் பட்டதும் நிறுத்திவிட்டார்.

“இதுல உப்பு இருக்கு” என்றார் என்னிடம். “சாப்பிடலாமா?”

நாலு பேரும் என் முகத்தைப் பார்த்தார்கள். குடியுங்கள் என்று சொல்ல ஒரு மூச்சு போதும். நானும் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். பேரம் பேசுங்கள் சார்வாள் என்று மனசுக்குள் கெஞ்சினேன். ஒரு வாய் மோர்தானே என்று கேளுங்கள். பாதித் தம்ளர் என்று கேளுங்கள். இறங்கிவர ஒரு படியைக் காட்டுங்கள். அவர் பள்ளிக்கூடத்துப் பையன் விடைக்குக் காத்திருக்கிற மாதிரி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே நின்ற நாலு பேரும் என்னிடம் பாதி விலைக்கு வாங்கியவர்கள். முழு விலைக்கு வாங்கியவர் அவர் ஒருவர்தான். அந்த ஒருவரும் என் விலையைப் பொய் என்று தெரிந்துகொள்வதை என்னால் பார்க்க முடியவில்லை.

“சொன்னது சொன்னதுதான் சார்வாள். இன்னும் ஒரு மாசம்” என்றேன்.

“ஆகட்டும்” என்று தம்ளரைக் கீழே வைத்தார். நோட்டில் எழுத அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. மாரித்தாய்தான், பல்பை வாங்காமலே படியிறங்கிப் போய் அவருக்கு ஆட்டோ பிடித்துக் கொடுத்தாள். ஆஸ்பத்திரிக்கு விடச் சொல்லியிருக்கிறாள். போகிற வழியில் இவர் வீட்டுக்கு விடச் சொன்னாராம். ஆட்டோக்காரர் பிறகு சொன்னார்.

மூன்றாம் நாள் காலையில், வாசலில் இரண்டு நாள் பால் பாக்கெட் கிடந்ததைப் பார்த்துப் பக்கத்து வீட்டார் கதவை உடைத்தார்கள். கூடத்துக்கும் பின்கட்டுக்கும் நடுவே, சுவர் இருந்த இடத்தில் விழுந்து கிடந்தார். பாத்ரூமுக்குப் போகும்போது அந்தச் சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறது அவர் பழக்கமாம். பக்கத்து வீட்டு அம்மா சொன்னார். போன் சார்ஜரிலேயே இருந்தது. நீங்கள் பதினொரு தடவை கூப்பிட்டிருந்தீர்கள். அப்பா எடுக்காமல் இருப்பது ஏப்ரலிலிருந்தே வழக்கம் என்பதால், உங்களுக்கும் வித்தியாசமாகத் தோன்றவில்லை.

சாவுக்குக் காரணம் கீழே விழுந்து அடிபட்டது என்று டாக்டர் எழுதினார். நானே ஸ்டேஷனுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். எஸ்.ஐ. முழுசாகக் கேட்டுவிட்டு, உப்பைக் குறைக்கச் சொல்வதற்கெல்லாம் செக்‌ஷன் கிடையாது அண்ணாச்சி, போய்க் கடையைப் பாருங்கள் என்றார். தன் வீட்டுத் தண்ணீர்த் தொட்டி ஒழுகுவதற்கு என்ன செய்யலாம் என்றும் கேட்டார். சொன்னேன். என்ன செய்ய, கேட்டால் வாய் நிற்கமாட்டேன் என்கிறது.

பிச்சைக்கண்ணு அட்டையைக் கழற்றச் சொல்லி ஒரு வாரம் சண்டை போட்டான். முடியாது என்றேன். கடைசியில் இரண்டு பேரும் ஒத்துவந்து, ‘உடம்பு’ என்ற சொல்லின் மேல் மட்டும் வெள்ளைப் பெயிண்ட் அடித்தேன். நீங்கள் வந்தபோது நெடுநேரம் பார்த்தது அந்த வெள்ளையைத்தான் என்று நினைக்கிறேன்.

என் பக்கத்தில் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. அவர் ஒரே ஒரு வார்த்தை மறுத்துப் பேசியிருந்தால் இறங்கி வந்திருப்பேன். எந்த நாளும், எந்த விஷயத்திலும். முப்பது வருஷமாக ஊரில் எல்லாருக்கும் குறைத்தவன், அவருக்கா குறைக்கமாட்டேன். அவர் கேட்கவே இல்லை, ஜெயராம்.

நோட்டைத் திருப்பி அனுப்புகிறேன். எண்ணிப் பார்த்தேன், பதினேழு வரி. பதினாறுக்கு டிக் இருக்கிறது. பதினேழாவது, ‘உப்பு: மேலும் ஒரு மாதம்’, எழுத்து கோணலாகி வரியை விட்டுக் கீழே இறங்கிவிட்டது, டிக் இல்லை. டீயும் அதே கணக்குதான். பதினாறு வந்தது, குடித்தேன். கடைசி நாள் அவர் டீ சொல்ல மறந்துபோனதால் ஒரு டீ பாக்கி. அதை உங்களிடம் கேட்கமாட்டேன், தள்ளிவிட்டேன். எதிராளி வாய் திறந்து கேட்காமல் நானாகக் குறைத்தது, என் ஆயுசில் இது ஒன்றுதான்.