இரண்டாம் குழாய்

தாய்ப்பாலை வேகமாகக் குலுக்கக் கூடாது. உள்ளங்கைச் சூட்டில் சற்று வைத்திருந்து, மெல்லச் சாய்த்துச் சாய்த்து நிமிர்த்தினால் மேலே திரண்ட கொழுப்பு தானாகக் கலந்துவிடும். ஆய்வகத்தில் என் அளவுக்குப் பொறுமை யாருக்கும் இல்லை என்பார்கள்.

எங்கள் மருத்துவமனையில் பிரசவித்த ஒவ்வொருத்தியின் பாலும், போதைப்பொருள் உண்டா என்று பார்க்க முதல் வாரத்திலேயே எங்களிடம் வரும். இரண்டு குழாய்களில் பிரிப்போம். முதல் குழாய் உடனடிச் சோதனைக்கு. அதில் 'உண்டு' என்று வந்தால், உறைய வைத்த இரண்டாம் குழாயைப் பெரிய இயந்திரத்தில் பார்த்து உறுதி செய்ய வேண்டும். முதல் சோதனை சில சமயம் இருமல் மருந்தைக்கூடப் போதை என்று சொல்லிவிடும்.

பன்னிரண்டு வருடத்துக்கு முன் என் பாலுக்கு அப்படித்தான் சொன்னது. குழந்தைகள் நல அதிகாரியம்மா இரண்டாம் குழாய்க்குக் காத்திருக்கவில்லை.

"இருமல் மருந்துதான் மேடம் குடிச்சேன்."

"எல்லாரும் இதையேதாம்மா சொல்றீங்க. புதுசா ஏதாவது சொல்லேன்" என்று சிரித்தார்.

ஒன்பது நாள் குழந்தை நாத்தனார் வீட்டுக்குப் போனாள். என் பால் சுத்தம் என்று தாள் வர ஏழு வாரம் ஆனது. அதற்குள் பால் வற்றிவிட்டது. மகள் என்னைக் கண்டாலே வீறிட்டாள். "இப்போதைக்கு அக்காகிட்டயே இருக்கட்டும்" என்றார் கணவர். இன்றும் அங்கேதான் இருக்கிறாள். நாத்தனாரை அம்மா என்கிறாள், என்னை அத்தை என்கிறாள். மரியாதையான பெண்.

அதன் பிறகுதான் இந்த வேலைக்குப் படித்தேன்.

சென்ற ஆண்டு அதிகாரியம்மா ஆய்வகத்துக்கு வந்தார். என்னை அடையாளம் தெரியவில்லை.

"என் பொண்ணு முழுகாம இருக்காம்மா. இங்கதான் பிரசவம். உங்க கைக்குத்தான் வரும், பாத்துக்கோங்க."

"பாத்துக்கறேன் மேடம்" என்றேன்.

இயந்திரத்தைச் சரிபார்க்க, போதைப்பொருள் கலந்த பால் ஒரு சிறு புட்டியில் எங்களிடம் எப்போதும் இருக்கும். அவர் மகளின் பாலில் அதிலிருந்து சில சொட்டு விட்டேன். பிரிப்பதற்கு முன்பே விட்டதால் இரண்டு குழாய்களும் ஒரே பதிலைச் சொல்லின. எனக்கு நடந்தது போல அரைகுறையாக விடவில்லை. குழந்தையைத் தூக்கிப் போனபோது அதிகாரியம்மா வராந்தாவில் நின்று, "என் பொண்ணைப் பத்தி எனக்குத் தெரியாதா?" என்று வருவோர் போவோரிடமெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். ஒருவரும் சிரிக்கவில்லை. அதில் எனக்குச் சிறிய ஏமாற்றம்தான்.

இன்ஸ்பெக்டர் ஐயா, என் வாக்குமூலத்தில் நீங்கள் இதைப் பழிவாங்கல் என்று எழுதியிருக்கிறீர்கள். அதைத் திருத்த வேண்டும். எப்போதோ ஒன்று மட்டும் 'உண்டு' என்று வந்தால் மேலே இருப்பவர்கள் கண்ணில் உறுத்தும். ஆகவே அதற்கு முந்தைய மாதங்களில் வேறு பதினொரு தாய்மாரின் பாலிலும் விட்டேன். தேதி, படுக்கை எண் எல்லாம் எழுதித் தருகிறேன். அந்தக் குழந்தைகளும் எங்கோ, யாரிடமோ வளர்கின்றன. அந்தப் பெண்களின் முகம்கூட எனக்குத் தெரியாது. அவர்கள்மேல் எனக்குத் துளியும் கோபமில்லை.

கோபமே இல்லாமல் செய்ததை எப்படி ஐயா பழி என்பீர்கள்?