ஏணிக்கு எட்டாத கிளை

இந்த அவைக்குத் தலைமையேற்று, என் பேச்சு நீண்டால் அடிப்பதற்கென்றே மணியையும் அருகில் வைத்திருக்கும் குடியிருப்போர் சங்கத் தலைவர் அவர்களே! என் வீட்டு மதிலுக்கு அந்தப் பக்கமே வாழ்வதால், எனக்கு அண்டை வீட்டு அண்ணனும் ஆன அதே தலைவர் அவர்களே! முன்வரிசையை முழுதாய் நிறைத்திருக்கும் மூத்தோர்களே! அடுப்பை அணைத்துவிட்டு அவசரமாய் வந்திருக்கும் அன்னையர்களே! கடைசி வரிசையில், கதவுக்குப் பக்கத்திலேயே இடம்பிடித்திருக்கும் என் கணவர் அவர்களே! இந்தத் தெருவின் தையற்காரி உங்கள் அனைவரையும் வணங்குகிறேன்.

வாசல்தோறும் நிற்கும் மரங்களை வெட்டிவிட்டு, கப்பலேறி வந்த அலங்காரப் பனைகளை ஒரே உயரத்தில் நிறுத்தச் சங்கம் முடிவெடுத்திருக்கிறது. முதலில் விழப்போவது என் வீட்டு மந்தாரை. நாளைக் காலை மரம் அறுப்பவர் வருகிறாராம். என்ன குற்றம் செய்தது அது? பூக்கவில்லையாம். பூக்காத மரமா, நாம் பூக்கவிடாத மரமா? அதைக் கேட்கத்தான் மேடை ஏறியிருக்கிறேன்.

மந்தாரை இந்த மண்ணின் மகள். இங்கே பெய்யும் மழையும் அவளுக்குத் தெரியும், இங்கே காயும் வெயிலும் தெரியும். குளிரில் இலையுதிர்ப்பாள், இளவேனிலில் இலைக்கு முன்னே பூவை நீட்டுவாள். மதிலை விட்டுத் தள்ளி, வெயில் விழும் இடத்தில், தண்ணீர் தேங்காமல் நட்டேன். வளர்ந்தாள். பூ மட்டும் வரவில்லை. ராசியில்லாத மரம் என்றார் என் நாத்தனார். உரம் போதவில்லை என்றார்கள் மற்றவர்கள். அதையும் இட்டேன்.

என் கணவர் முடிதிருத்துபவர். இங்கே அமர்ந்திருக்கும் ஆண்களின் தலைகளில் பாதி அவர் கைவண்ணம். தலைவர் தலையில் மட்டும் அவருக்கு வேலை குறைவு, மன்னியுங்கள் அண்ணா. ஒரு முடி நீட்டிக்கொண்டிருந்தாலும் அவருக்குச் சோறு இறங்காது. குளிர் முடியும்போதெல்லாம், வசந்தத்துக்கு மரம் லட்சணமாக இருக்கட்டுமே என்று ஏணி போட்டு ஏறுவார். பக்கங்களைக் குறைப்பார், உச்சியைச் சமன்செய்வார், தள்ளி நின்று தலைசாய்த்துப் பார்ப்பார். மரத்துக்குக் கண்ணாடி காட்டாததுதான் குறை! சிரிக்கிறீர்கள். நானும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன்.

போன வசந்தத்தில் தலைவரின் துணைவியார் மதிலுக்கு மேல் எட்டிப் பார்த்தார். "என்னம்மா, உங்க மரம் எங்க பக்கம் மட்டும் பூத்திருக்கு? காரெல்லாம் பூவாக் கொட்டுது" என்றார்.

ஓடினேன். மதில் தாண்டிச் சாய்ந்த கிளை ஒன்று, என் கணவரின் ஏணிக்கு எட்டாத ஒரே கிளை, இளஞ்சிவப்பாய்ப் பூத்து நின்றது. கைப்புண்ணுக்குக் கண்ணாடி எதற்கு? முந்தைய பருவத்தில் வளர்ந்த கிளையில்தான் மொட்டு பிடிக்கிறது. குளிரின் கடைசியில் அதை வெட்டினால், நாம் வெட்டுவது கிளையையா? வரவிருக்கும் வசந்தத்தை அல்லவா! பூத்து முடிந்த பிறகு வெட்டுங்கள், மந்தாரை மறுக்காது.

தலைவர் அவர்களே! பூக்காத மரம் என்றும் சொல்கிறீர்கள், காரில் பூ விழுகிறது என்றும் குறைப்படுகிறீர்கள். இரண்டில் எது அண்ணா? கை மணிப் பக்கம் போகிறதே! அடிப்பதானால் அடியுங்கள், பதிலையும் சொல்லுங்கள்.

இந்தக் குளிரில் கணவர் ஏணியோடு வந்தபோது, தையல் இயந்திரத்தை மரத்தடிக்கு இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

"கொஞ்சம் நகரு. ஓரத்தை மட்டும் எடுத்துட்டுப் போயிடுறேன்" என்றார்.

"பூத்து முடியட்டும். அதுவரைக்கும் நான் எழுந்திருக்க மாட்டேன்" என்றேன்.

ஏணி திரும்பிப் போனது. இன்று கிளைதோறும் மொட்டு முட்டிக்கொண்டு நிற்கிறது. நட்ட நாள் முதல் என் வாசலில் ஒரு பூ உதிர்ந்து நான் கண்டதில்லை. காண ஆசையாக இருக்கிறது. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. கட்டிய கணவனுக்கே வழிவிடாதவள், ரம்பத்துக்கா வழிவிடுவேன்? நாளைக் காலை வருகிறவர் முதலில் என் இயந்திரத்தை நகர்த்தட்டும். அதற்கு முன் என்னை நகர்த்தட்டும்!

அங்கே என்ன சலசலப்பு? என் கணவர் எழுந்துவிட்டார். கிளம்பிவிட்டீர்களா? என்ன, உரக்கச் சொல்லுங்கள்... கேட்டீர்களா பெரியோர்களே? "உன் மெஷினுக்குப் பக்கத்துல என் கடை நாற்காலிக்கும் இடம் விடு" என்கிறார்!

ஆகவே, நாளைக் காலை முடிவெட்ட வேண்டியவர்கள் கடைக்குப் போக வேண்டாம். மந்தாரையின் அடிக்கு வாருங்கள். வரிசை தெருமுனை வரை நீளட்டும். பொறுமையாய்க் கேட்ட உங்களுக்கும், இதுவரை மணியடிக்காத தலைவருக்கும் நன்றி கூறி, மொட்டவிழும் காலையில் சந்திக்க வணங்கி விடைபெறுகிறேன்.